பருந்து எங்கே தருகிறார்கள்?

மார்ச் 3, செவ்வாய்

அவசர மருந்து முகாம் ஒத்திகைக்கு இன்னும் 12 நாள். அதற்குள் 3 வகுப்பு எடுத்து 22 தன்னார்வலர்களைத் தயார் செய்ய வேண்டும். எல்லோரும் நல்ல மனசுக்காரர்கள். அதுதான் எனக்குக் கவலை.

அவசர மருந்து முகாம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக: ஆபத்தான கிருமி ஒன்று காற்றில் பரவிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் இன்னும் காய்ச்சல்கூட இல்லை. ஆனால் அத்தனை பேருக்கும், நோய் வருவதற்கு முன்பே, மாத்திரை போய்ச் சேர வேண்டும். திட்டம் போடுகிறவர்கள் எடுத்ததும் சொல்லும் உதாரணம் ஆந்த்ராக்ஸ், வைத்துக்கொள்ளும் கெடு 48 மணி நேரம். அதனால் முகாமில் டாக்டர் நாடி பிடித்துப் பார்க்க மாட்டார். வாசல், படிவம், மருந்தாளுநர் உட்கார்ந்திருக்கும் கேள்வி மேசை, மருந்து மேசை, விளக்க மேசை, வெளியே. ஒருவர் நின்றால் பின்னால் நூறு பேர் நிற்பார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் அணி என் பொறுப்பு. என்னோடு சேர்ந்து வகுப்பெடுக்கப்போவது ஓர் அக்கா. முதுகுத்தண்டில் அடிபட்டு 15 வருஷமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர். அவர் இல்லாமல் இந்த வகுப்பை நடத்தக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். நடக்கிற நான் நடக்காதவர்களைப் பற்றிப் பாடம் எடுத்தால் அது நன்றாகவா இருக்கும்?

மார்ச் 5, வியாழன்

முதல் வகுப்பு. அக்கா கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் மூன்று பேர் பாய்ந்து எழுந்தார்கள். ஒரு தம்பி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளியே விட்டான். அவர் பிரேக் போட்டு வைத்திருந்தார். உடம்பு முன்னால் ஒரு குலுங்கு குலுங்கியது.

“தம்பி, உன் தோளைப் பின்னாலிருந்து ஒருத்தர் பிடிச்சுத் தள்ளினா எப்படி இருக்கும்?”

“உதவி பண்ணலாம்னு…”

“பண்ணு. ஆனா முதல்ல கேளு.”

அதையே பயிற்சியாக்கிவிட்டோம். எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். “வணக்கம், ஏதாவது உதவி வேணுமா?” என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை அசையக் கூடாது. எளிதுதானே? நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு வினாடிக்கு மேல் பொறுக்கவில்லை, கட்டிய கை தானாக அவிழ்ந்தது. பேச்சு வர நேரம் எடுப்பவர்களுக்கு அந்த இரண்டு வினாடியில் வாய் திறக்கக்கூட முடியாது.

இன்னொன்றும் கவனித்தேன். அக்கா தன் விபத்தைப் பற்றி ஒரு வரி சொன்னதும் அறையில் நாலைந்து பேர் உச்சுக் கொட்டினார்கள். யாருக்கும் தாங்கள் கொட்டியது தெரியவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே, “அந்தச் சத்தத்தை மட்டும் முகாம் வாசல்லயே விட்டுட்டு வந்துடுங்க” என்றார். பிறகு வகுப்பு முடியும் வரை எவரேனும் உச்சுக் கொட்டினால் மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். நிறையவே தட்டினார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று பார்வையற்ற ஓர் ஆசிரியர் வந்திருந்தார். ஓய்வு பெற்றவர், குரலில் மட்டும் இன்னும் வகுப்பறை இருக்கிறது. வந்ததும் ஒரே ஒரு கட்டளை போட்டார்: அடுத்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் ‘இங்கே’, ‘அங்கே’, ‘இப்படி’, ‘அப்படி’ என்ற நான்கு சொற்களையும் சொல்லக் கூடாது.

அறை ஊமையாகிவிட்டது. “சார், இப்படி வா…” என்று ஆரம்பித்து விழுங்கினார்கள். நாம் ஒருவருக்கு வழி சொல்வதே கையை நீட்டித்தான் போலிருக்கிறது. பத்து நிமிஷம் தடுமாறிய பிறகு ஒரு பெண் சரியாகச் சொன்னாள்: “நேராக நாலு அடி. மேசை உங்க இடுப்பு உயரம். பேனா உங்களுக்கு 3 மணி திசையில இருக்கு.” கடிகார முள் மாதிரி திசை சொல்லும் முறை அது. சார் கையை நீட்டினார், பேனா கிடைத்தது.

அழைத்துப்போகும் முறையும் பார்த்தோம். நாம் அவர் கையைப் பிடித்து இழுப்பதில்லை. நம் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்வார். நாம் அரையடி முன்னால் நடப்போம். நம் உடம்பு திரும்புவதும் ஏறுவதும் இறங்குவதும் அவர் கைக்குத் தெரிந்துவிடும். படி வந்தால் நின்று, ஏறுகிற படியா இறங்குகிற படியா என்று சொல்ல வேண்டும். நாற்காலி வந்தால் பிடித்து உட்கார வைக்க வேண்டியதில்லை, நாற்காலி முதுகில் அவர் கையை வைத்தால் போதும். விட்டுவிட்டுப் போகும்போது ‘நான் போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்றார் சார். “காலி இடத்தோட அஞ்சு நிமிஷம் பேசிட்டு நின்னிருக்கேன். அதைவிட அவமானம் ஒண்ணும் இல்ல.”

மார்ச் 11, புதன்

காது கேளாத இளைஞர் ஒருவரும் சைகை மொழிபெயர்ப்பாளரும் வந்தார்கள். இன்று அதிகம் கற்றுக்கொண்டவன் நான்தான்.

பலரும் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பலகையில் இரண்டு சொற்களை எழுதினார்: மருந்து, பருந்து. சத்தமில்லாமல் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. ப-வும் ம-வும் உதட்டில் ஒன்று, மூக்கில்தான் வேறு. வகுப்பே “பருந்து எங்கே தருகிறார்கள்?” என்று ஒருவரையொருவர் கேட்டுச் சிரித்தது. சிரித்து முடித்ததும் அவர் முகக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு அதே சொல்லைச் சொன்னார் (அப்படித்தான் மொழிபெயர்ப்பாளர் சொன்னார், எங்களுக்கு என்ன தெரிந்தது?). கிருமிக்குப் பயந்து எல்லோரும் முகக்கவசம் போட்டிருக்கும் இடத்தில் உதட்டுக்கே வேலையில்லை. எழுதிக் காட்ட வேண்டும், படம் காட்ட வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தாலும் நம் கண் காது கேளாதவரைத்தான் பார்க்க வேண்டும். “அவர்கிட்ட கேளுங்க” என்று சொல்லக் கூடாது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கவும் கூடாது, நம் முகம் இருட்டாகிவிடும். கூட வந்த குழந்தையை மொழிபெயர்க்கச் சொல்வது இருக்கிறதே, அதைச் செய்யவே செய்யாதீர்கள். அம்மாவுக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்பதெல்லாம் பத்து வயதுப் பிள்ளையின் வாய் வழியாகப் போக வேண்டுமா?

பிற்பகலில் மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒருவர் தன் தமக்கையோடு வந்தார். வயது 40-ஐத் தாண்டியவர். வரவேற்ற பையனுக்கு 20 இருக்கும். “வா கண்ணா, உக்காரு” என்றான், தமக்கையைப் பார்த்து, “இவனுக்கு மாத்திரை முழுங்க வருமா?” என்று கேட்டான். வந்தவர் பதில் சொன்னார்: “வரும். தண்ணி நிறைய வேணும்.” பையன் முகம் சிவந்துபோனது. ‘நீங்க’ என்று ஒரு சொல் போதும், பாதிப் பயிற்சி அதில் முடிந்துவிடும். மீதிப் பாதி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம் சொல்வது.

மார்ச் 14, சனி

இடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். சாய்தளம் இருக்கிறது என்று போனில் சொன்னார்கள். இருந்தது. கட்டடத்தின் பின்பக்கம், பூட்டிய கதவுக்கு முன்னால். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துச் சாவி வந்தது. சரிவு பரவாயில்லை, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்குக்குக் கிட்டத்தட்ட வந்தது. ஆனால் மருந்தாளுநருக்கென்று போட்டிருந்த மேசை நின்றுகொண்டு எழுதும் உயரம். அக்காவின் மூக்கு அதன் விளிம்புக்கு நேராக இருந்தது. நாளைக்குத் தாழ்வான மேசை ஒன்று வரும் என்றார்கள்.

தரையில் ஓடிய மின்கம்பியை மட்டும் நாங்களே ஒட்டிவிட்டு வந்தோம்.

மார்ச் 15, ஞாயிறு

தாழ்வான மேசை வரவில்லை.

ஒத்திகையை எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். டப்பாக்கள் எல்லாம் காலி, மேலே பெயர்ச்சீட்டு மட்டும்: டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின். பொதுவாக முதலாவது, அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இரண்டாவது. நோயாளியாக நடிப்பவர்களுக்கு ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தோம். அக்கா தன் அட்டையை ஓரமாக வைத்துவிட்டுச் சொந்த விவரத்தையே கொண்டுபோயிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை.

முதல் நாள் நாற்காலியைத் தள்ளிய அதே தம்பிதான் வாசலில். இந்தத் தடவை அருமையாகக் கேட்டான், காத்திருந்தான், அவர் சரி என்ற பிறகுதான் தொட்டான். படிவத்தையும் தாழ்வாகப் பிடித்து எழுத வைத்தான். டாக்சிசைக்ளின் ஒத்துக்கொள்ளாது என்று அக்கா டிக் போட்டார். கேள்வி மேசை உயரம், முன்னால் நெரிசல் வேறு. இவரை ஏன் காக்க வைக்க வேண்டும் என்று தம்பி பக்கவாட்டில் நேராக மருந்து மேசைக்கு அழைத்துப்போய்விட்டான். அவர்கள் டிக்கைப் பார்த்துச் சிப்ரோவைக் கொடுத்தார்கள். மொத்தம் 4 நிமிஷம். வரிசைப் பொறுப்பாளர் கைதட்டினார்.

அக்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் தினம் டைசானிடின் போடறேன். இது நிஜமா இருந்தா என்ன ஆகியிருக்கும்?”

மருந்தாளுநர் தன் மேசையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். தசை இறுக்கத்துக்கு, முக்கியமாக முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை டைசானிடின். சிப்ரோவோடு சேர்ந்தால் அது ரத்தத்தில் பல மடங்கு ஏறி, ரத்த அழுத்தம் சரிந்து, ஆளைச் சாய்த்துவிடும். சேர்த்துக் கொடுக்கவே கூடாது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வி அவருடைய மேசையில் இருந்தது. அந்த மேசைக்குத்தான் அக்கா போகவில்லையே.

“நீங்க வாய் திறந்து சொல்லியிருக்கலாமே அக்கா” என்றேன்.

“எனக்குத் தெரியும், சொல்லியிருப்பேன். தெரியாதவங்க? கேக்கறாங்களான்னு பார்த்தேன்.”

மார்ச் 16, திங்கள்

தூக்கம் வரவில்லை. தம்பி மேல் குற்றமில்லை. நாங்கள்தான் ஆளை மரியாதையாக நகர்த்தச் சொல்லிக்கொடுத்தோம், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

மருந்தாளுநரோடு உட்கார்ந்து பட்டியல் போட்டேன். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் இருந்தால் சிப்ரோ அதை மோசமாக்கும். வலிப்புக்குப் போடும் கார்பமாசெபின், ஃபெனிட்டாயின் போன்றவை டாக்சிசைக்ளினை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றும். சிப்ரோவோ வலிப்பையே தூண்டக்கூடும். டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, கொஞ்ச நேரம் நிமிர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். நாளெல்லாம் படுக்கையில் இருப்பவருக்கு இதை யார் சொல்வது? வயிற்றுக் குழாய் வழியே உணவு எடுப்பவர்களின் கதை தனி. இவற்றில் எதையும் தன்னார்வலர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கேள்விகள் யாருக்கு அதிகம் பொருந்துமோ, அவர்களைத்தான் நாம் அன்பாக மருந்தாளுநரைத் தாண்டி அழைத்துப்போகிறோம்.

விளக்க மேசையும் அப்படித்தான். ஆந்த்ராக்ஸ் என்றால் 60 நாள் மாத்திரை, ஏனென்றால் கிருமியின் வித்துகள் நுரையீரலில் நெடுநாள் உறங்கிக் கிடந்து பிறகு விழிக்கக்கூடும். 2001-இல் அமெரிக்காவில் கடித உறைகளில் ஆந்த்ராக்ஸ் வந்தபோது 22 பேருக்கு நோய் கண்டது, 5 பேர் இறந்தார்கள். சுமார் 10,000 பேரை 60 நாள் மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். பாதிப் பேர்கூட முழுதாக முடிக்கவில்லை. படிக்கவும் கேட்கவும் முடிந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், துண்டுத்தாளைப் படிக்க முடியாதவர் கையில் துண்டுத்தாளைத் திணித்து அனுப்புவதை என்னவென்று சொல்ல?

மார்ச் 19, வியாழன்

எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டோம். தாழ்வான மேசையை நானே சுமந்துகொண்டு போனேன். விதி ஒன்றுதான் கூடியிருக்கிறது: வரிசையைத் தாண்டலாம், கேள்வி மேசையைத் தாண்டக் கூடாது. மருந்தாளுநரின் கையெழுத்து இல்லாத படிவத்துக்கு மருந்து மேசை டப்பா தராது.

இந்தத் தடவை அக்காவுக்கு 11 நிமிஷம் ஆனது. வரிசைப் பொறுப்பாளர் கடிகாரத்தைக் காட்டி முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும். அக்கா கையில் டப்பா இல்லை, மருத்துவரிடம் பேசச் சொல்லும் சிவப்புச் சீட்டு இருந்தது. “இன்னிக்குத்தான் நான் முகாமுக்கே வந்திருக்கேன்” என்றார்.

பார்வையற்ற சார் தனக்கும் வீட்டிலிருக்கும் அம்மாவுக்கும் சேர்த்து வாங்கினார். இரண்டு டப்பாவும் ஒரே அளவு, ஒரே மூடி. விளக்க மேசையில் இருந்த பெண் எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை அவருடைய போனில் பேசிப் பதிவு செய்து கொடுத்தாள். பிறகு தன் தலைமுடியிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி ஒரு டப்பாவில் மாட்டி, “இது உங்களுது சார்” என்றாள். அவர் தடவிப் பார்த்தார்.

“அம்மாவுக்கு மாட்டும்மா. எனக்கு வெறும் டப்பா போதும், அம்மாவுதுதான் தொலையக் கூடாது.”

பொருள் பட்டியலில் ரப்பர் பேண்ட் இரண்டு பாக்கெட் சேர்த்தாயிற்று.