அந்தச் சத்தம் மூச்சு இல்லை

முதலுதவிப் பயிற்சிக்குப் போனபோது இவ்வளவு உடல் உழைப்பு இருக்கும் என்று நினைக்கவில்லை. இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் சிபிஆர் முறையைப் பொம்மையில் பழகினோம். அதன் நடு மார்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கை மடங்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 6 செ.மீ.யைத் தாண்டவும் கூடாது. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக எழும்ப விட்டால்தான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும். இரண்டு நிமிடத்திலேயே தோள் கடுத்தது. அதனால்தான் ஆள் மாற்றச் சொல்கிறார்கள்.

பயிற்றுநர் தரையில் படுத்து ஒரு சத்தத்தை எழுப்பிக் காட்டினார். நீண்ட இடைவெளி விட்டுக் குறட்டை போல ஓர் இழுப்பு. "இதயம் நின்ற ஆளுக்கும் இது வரும். இதை மூச்சு என்று நம்பிவிடாதீர்கள்" என்றார். மூன்று முறை செய்து காட்டினார்.

எட்டு மாதம் கழித்து, அலுவலகப் படிக்கட்டருகே அதே சத்தத்தைக் கேட்டேன். கணக்குப் பிரிவு நண்பர் விழுந்து கிடந்தார். "மயக்கம்தான், மூச்சு வருதே" என்று ஒருவர் தண்ணீர் தெளித்தார். தோளைத் தட்டிக் கூப்பிட்டேன், அசைவில்லை. பயிற்சிக்குப் போயிராவிட்டால் நானும் அந்த இழுப்பைப் பார்த்து ஆறுதல் அடைந்திருப்பேன். இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

"யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று கத்தக் கூடாது, ஆளைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்பதும் அங்கே பழகியதுதான். "நீல சட்டை, நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. நீங்க வரவேற்பறைச் சுவரில் இருக்கிற ஏஇடி பெட்டியைக் கொண்டு வாங்க." இருவருமே ஓடினார்கள். ஏஇடி என்பது குரலில் வழி சொல்லி, இதயத் துடிப்பைச் சீராக்க மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி.

அழுத்தத் தொடங்கிய சில நொடிகளில் விலா எலும்பு முறிவது கையில் தெரிந்தது. பொம்மையிடம் அது இல்லை. ஆனால் அப்படி நடக்கலாம், நிறுத்தாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். நிறுத்தவில்லை. என்னோடு பயிற்சி எடுத்த தோழி வந்து மாற்றிக்கொண்டார். ஏஇடி வந்ததும் பட்டைகளை ஒட்டினோம். அது சொன்னபடி எல்லோரும் விலகி, ஷாக் கொடுத்து, உடனே மறுபடி அழுத்தினோம்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நாடி திரும்பிவிட்டது. அப்புறம்தான் என் கைகள் நடுங்க ஆரம்பித்தன. அந்த இரவு தூங்கவில்லை. இதைப் பற்றியும் பயிற்சியில் பேசியிருக்கலாம்.

நண்பர் மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். இந்த ஆண்டு மறுபயிற்சிக்கு அவரும் என்னோடு வந்தார். பயிற்றுநர் படிகளை வேகமாகச் சொல்லிக்கொண்டே போனபோது கை தூக்கி, அந்தச் சத்தத்தைப் புதியவர்களுக்கு இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னேன்.