ஸ்பெயினில் குடும்பத்துக்கு மருத்துவ அட்டை: புறப்படும் முன் தொடங்க வேண்டிய வேலை

ஸ்பெயினில் அரசு மருத்துவம் தரமானது. குடும்ப மருத்துவரைப் பார்க்கவோ, அறுவைச் சிகிச்சைக்கோ, பிரசவத்துக்கோ கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் விமானத்தை விட்டு இறங்கியதும் அது தானாக வந்து சேராது. வேலை, முகவரிப் பதிவு, சமூகப் பாதுகாப்பு அலுவலகம், வட்டார சுகாதார நிலையம் என்று நான்கு இடங்களில் உங்கள் பெயர் ஏற வேண்டும். அதோடு குடும்பத்தினரின் பெயர்களும் கோக்கப்பட வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இரண்டு விஷயங்களில்: ஒன்று பெயர், இன்னொன்று பெற்றோர்.

முதலில் பெயர். ஸ்பானியப் படிவம் எதுவானாலும் பெயர், முதல் குடும்பப்பெயர், இரண்டாம் குடும்பப்பெயர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், ஓர் அலுவலகத்தில் சொந்தப் பெயரையே குடும்பப்பெயராக ஏற்றுவார்கள், இன்னொரு அலுவலகத்தில் அப்பா பெயரை ஏற்றுவார்கள். வெளிநாட்டவர் அட்டையில் ஒரு பெயர், சமூகப் பாதுகாப்பில் வேறு பெயர், முகவரிப் பதிவில் மூன்றாவது பெயர் என்று ஆகிவிட்டால் கணினி உங்களை மூன்று ஆட்களாகப் பார்க்கும். போதாக்குறைக்குக் கணவருக்கு அவருடைய அப்பா பெயர், மனைவிக்குக் கணவர் பெயர், பிள்ளைக்குத் தன் அப்பா பெயர் என்று குடும்பத்துக்குள்ளேயே குடும்பப்பெயர் ஒத்துப்போகாது. இது ஒரே குடும்பம் என்பதை அங்கே காகிதம்தான் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தால் இனிஷியலை விரித்து, குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பி வாங்கிக்கொண்டு விசாவுக்கு விண்ணப்பியுங்கள். விசா வந்த பிறகு பெயரைத் தொட்டால் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது சான்றிதழ்கள். துணையையும் பிள்ளைகளையும் உங்கள் மருத்துவ உரிமையில் சேர்க்கத் திருமணப் பதிவுச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழ்களும் வேண்டும். கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் அங்கே செல்லாது, சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ்தான் செல்லும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் நிறைய சான்றிதழ்களில் பெயர்க் கட்டம் இன்னும் காலியாகவே கிடக்கிறது, ஏனென்றால் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுகிறோம். பிறந்து 12 மாதத்துக்குள் என்றால் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். இந்த வேலையை ஊரில் இருக்கும்போதே முடியுங்கள். பார்சிலோனாவில் உட்கார்ந்துகொண்டு நகராட்சி அலுவலகத்தில் பெயர் சேர்ப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல.

அதன் பிறகு அப்போஸ்டில், அதாவது சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல அதன்மேல் பெறும் அரசு முத்திரை. மாநில அரசின் சான்றொப்பம் முதலில், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் அடுத்து, ஸ்பானிய மொழிபெயர்ப்பு கடைசியில். இந்த வரிசை மாறக்கூடாது. மொழிபெயர்ப்பை முதலில் முடித்துவிட்டால் அப்போஸ்டில் பக்கம் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும், இரண்டாவது முறை பணம் கட்ட வேண்டிவரும். மொழிபெயர்ப்பவர் ஸ்பானிய வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த ‘த்ரதுக்தோர் ஹுராதோ’வாக இருக்க வேண்டும். தமிழிலிருந்து நேரடியாகச் செய்பவரைத் தேடி அலைவதைவிட, ஆங்கிலமும் சேர்ந்த சான்றிதழை வாங்கிக்கொண்டு ஆங்கிலத்திலிருந்து செய்விப்பது சுலபம்.

அங்கே போன பிறகு நடப்பது விசாவைப் பொறுத்தது. வேலைக்குப் போகிறவருக்கு வழி நேரானது. நிறுவனம் உங்களைச் சமூகப் பாதுகாப்பில் பதிவு செய்ததும் உங்களுக்கு மருத்துவ உரிமை பிறக்கிறது. சுயதொழிலாகப் பதிந்து மாதாமாதம் பங்களிப்புக் கட்டுகிறவருக்கும் இதே வழிதான். அந்த உரிமையை எழுத்தில் உறுதிசெய்து தருவது ஐ.என்.எஸ்.எஸ். என்ற தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம். துணையையும் 26 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் பயனாளிகளாகச் சேர்க்க அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். 65 விழுக்காடோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு வயது வரம்பு கிடையாது. இணையத்தில் உங்களை அடையாளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் இருந்தால் இணையத்திலேயே முடிந்துவிடும். இல்லாவிட்டால் அதன் சேவை மையத்தில் ‘சீத்தா ப்ரேவியா’, அதாவது முன்பதிவு, எடுத்து நேரில் போக வேண்டும். பெரிய நகரங்களில் இந்த முன்பதிவு கிடைப்பதே பெரும்பாடு. பக்கத்துச் சிற்றூர் மையத்திலும் தேடிப் பாருங்கள்.

இதற்கு இணையாக ‘பத்ரோன்’, அதாவது முகவரிப் பதிவு. நகராட்சி அலுவலகத்தில் வாடகை ஒப்பந்தத்தையும் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் காட்டி, குடும்பம் முழுவதையும் ஒரே முகவரியில் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்து, துணையும் பிள்ளைகளும் பிறகு வந்து சேர்ந்தால், அவர்கள் வந்ததும் மறக்காமல் சேருங்கள். பத்ரோன் தாளைக் கேட்கும் அலுவலகங்கள் பொதுவாக மூன்று மாதத்துக்குள் எடுத்ததைத்தான் ஏற்கும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: நீண்டகால வதிவுரிமை இல்லாத, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர்கள் இந்தப் பதிவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் பெயர் நீங்கிவிடும். நீங்கியது தெரியவருவது பெரும்பாலும் வேறு ஏதாவது அவசர வேலையின் நடுவில்தான்.

ஐ.என்.எஸ்.எஸ். தாள், பத்ரோன், பாஸ்போர்ட் அல்லது வெளிநாட்டவர் அட்டை, இவற்றோடு உங்கள் முகவரிக்குரிய சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மாட்ரிடிலும் மற்ற இடங்களிலும் ‘சென்ட்ரோ தே சலூத்’ என்பார்கள், கத்தலோனியாவில் ‘கப்’ என்பார்கள். மருத்துவத்தை நடத்துவது மத்திய அரசு இல்லை, 17 தன்னாட்சிப் பிரதேசங்கள். ஆகவே அட்டையின் பெயரும் தோற்றமும் இடத்துக்கு இடம் மாறும், வலென்சியாவில் அதை ‘சிப்’ என்றுதான் சொல்வார்கள். வரவேற்பு மேசையில் குடும்ப மருத்துவர், பிள்ளைகளுக்குக் குழந்தை மருத்துவர், செவிலியர் மூவரையும் ஒதுக்கச் சொல்லுங்கள். காலை வேளை மருத்துவரா, மாலை வேளை மருத்துவரா என்று அப்போதே கேட்டுக்கொண்டால் பிறகு வேலைக்கு விடுப்புப் போட வேண்டியிருக்காது. பிளாஸ்டிக் அட்டை வரும்வரை தற்காலிகத் தாள் ஒன்று தருவார்கள், அதை வைத்தே மருத்துவரைப் பார்க்கலாம்.

அட்டை தபாலில் வரும். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளில் உங்களுடையதில் பழைய குடித்தனக்காரர் பெயரே ஒட்டியிருந்தால் தபால்காரர் திருப்பி எடுத்துப்போய்விடுவார். சாவி வாங்கிய அன்றைக்கே எல்லோருடைய பெயரையும், அட்டையில் அச்சாகப் போகும் அதே எழுத்துக்கூட்டலில், ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

படிப்பு விசாவுக்கும், வேலை செய்யாமல் சொந்தப் பணத்தில் வாழும் விசாவுக்கும் தனியார் இன்சூரன்ஸ் கட்டாயம். பயணக் காப்பீட்டுத் தாளை நீட்டினால் தூதரகம் திருப்பி அனுப்பும். ஸ்பெயினில் செயல்பட அனுமதி பெற்ற நிறுவனத்தின் பாலிசி, முழு அனுமதிக் காலத்துக்கும், அரசு மருத்துவத்துக்கு ஈடான பாதுகாப்போடு இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் பகுதிக் கட்டணம் கட்டும் பாலிசி விலை குறைவாக இருக்கும், ஆனால் விசாவுக்கு ஆகாது. பாலிசி எடுத்து இத்தனை மாதம் கழித்தே இந்தச் சிகிச்சை என்று சொல்லும் காத்திருப்புக் காலமும் இருக்கக்கூடாது. சனிதாஸ், அதெஸ்லாஸ், அசீசா, டி.கே.வி. போன்றவை விசாவுக்கென்றே சான்றிதழ் எழுதித் தருகின்றன.

இங்கேதான் கவனம் வேண்டும். பாலிசிக்கு முன் உடல்நலக் கேள்வித்தாள் ஒன்று நிரப்பச் சொல்வார்கள். சுகர், பிரஷர், பழைய இதய அடைப்பு எதையும் மறைக்காதீர்கள். ஸ்பானிய இன்சூரன்ஸ் ஒப்பந்தச் சட்டப்படி கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னது பிறகு தெரிந்தால், பணம் கொடுக்கும் கடமையிலிருந்து நிறுவனம் விலகிக்கொள்ள முடியும். உண்மையைச் சொன்னால் அந்த நோயை மட்டும் விலக்கலாம், அல்லது உங்களையே மறுக்கலாம். மறுத்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி முடிவெடுக்கும். பிள்ளை பெறத் திட்டமிடுகிறவர்கள் பிரசவத்துக்கான காத்திருப்பைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மற்றதெல்லாம் உடனே என்று எழுதிவிட்டு, பிரசவத்துக்கு மட்டும் எட்டு மாதம் வைக்கும் பாலிசிகள் உண்டு.

பல வகை விசாக்களுக்கு மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள். ‘ஆரோக்கியமாக இருக்கிறார்’ என்று நம் டாக்டர் எழுதித் தருவது போதாது. 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிமுறைகளின்படி பொதுச் சுகாதாரத்துக்குக் கடும் பாதிப்பு விளைவிக்கும் நோய் இல்லை என்ற வாசகம் அப்படியே இருக்க வேண்டும். வாசகத்தை அச்சடித்துக்கொண்டு போய் லெட்டர்பேடில் எழுதி வாங்குவதே நல்லது.

பிள்ளைகளின் தடுப்பூசிக்கு வருவோம். குழந்தைகள் நலச் செவிலியர் முதலில் கேட்பது தடுப்பூசி அட்டையைத்தான். நம் ஊர் அட்டைகளில் ஊசியின் கம்பெனிப் பெயர் மட்டும் கிறுக்கியிருக்கும். எந்த நோய்க்கு, எந்தத் தேதியில் என்று தெளிவாக எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள், தேதியில் மாதம் எது, நாள் எது என்று குழப்பம் வராமல் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். முறையாகப் பதிவான டோஸைத் திரும்பப் போட மாட்டார்கள். ஆனால் தட்டம்மை ஊசி மட்டும் 12 மாதத்துக்கு முன் போட்டிருந்தால் பொதுவாகக் கணக்கில் சேராது. இந்தியாவிலும் இலங்கையிலும் முதல் ஊசி ஒன்பதாவது மாதத்திலேயே வந்துவிடுவதால் நம் பிள்ளைகள் பலருக்கு ஒரு டோஸ் கூடுதலாக விழும். பயப்பட ஒன்றுமில்லை. இந்திய அரசு அட்டவணையில் போட்டது தட்டம்மை–ரூபெல்லா மட்டும் என்றால் பொன்னுக்குவீங்கியும் பாக்கி இருக்கும், சின்னம்மையும் இருக்கும். 12 வயதில் எச்.பி.வி. ஊசியை ஆண் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தழும்பைச் செவிலியரிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள். அங்கே இப்போது பொதுவாக அதைப் போடுவதில்லை, காசநோய்த் தோல் பரிசோதனை முடிவைப் படிக்கும்போது அந்த விவரம் அவர்களுக்கு வேண்டும். குழந்தை மருத்துவர் பார்ப்பது 14 வயதுவரை.

மருந்து இலவசம் இல்லை. வேலை செய்கிற வயதினர் பச்சைச் சிலுவை எரியும் மருந்துக்கடையில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும்: ஆண்டு வருமானம் 18,000 யூரோவுக்குக் கீழ் என்றால் விலையில் 40 விழுக்காடு, அதற்கு மேல் 1,00,000க்குள் 50, அதையும் தாண்டினால் 60. மருந்துச்சீட்டு அட்டையிலேயே ஏறிவிடும், கடையில் அட்டையை நீட்டினால் போதும். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று மாதத்துக்கான மருந்தையும், மூலப்பெயரும் மில்லிகிராமும் எழுதிய சீட்டையும் எடுத்துப்போங்கள். இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் அடைத்த நம் ஊர் சுகர் மாத்திரைகள் எல்லாமே அங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மருத்துவர் பிரித்துத்தான் எழுதுவார். அங்கே மெட்ஃபார்மினில் 850 மில்லிகிராம் பரவலாக உண்டு, 500ஐத் தேடி அலையாதீர்கள். பாரசிட்டமால் 650 சீட்டில்லாமல் கிடைக்கும், ஆக டோலோவுக்கு ஏங்க வேண்டாம். ஆன்டிபயாட்டிக் மட்டும் எவ்வளவு கெஞ்சினாலும் சீட்டில்லாமல் தர மாட்டார்கள்.

நிபுணரை நேரே போய்ப் பார்க்க முடியாது, குடும்ப மருத்துவர்தான் அனுப்ப வேண்டும், அவசரமில்லாததற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். இந்தக் காரணத்துக்காகவே அரசு அட்டை இருந்தும் தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் ஸ்பானியர்களிலேயே ஏராளம். பெரியவர்களுக்குப் பல் என்றால் பிடுங்குவது தவிர அரசு பெரிதாக ஒன்றும் செய்யாது. ரூட் கனால் பாக்கி இருந்தால் ஊரிலேயே முடித்துவிடுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 112, அட்டை வந்ததா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இனிப் பெற்றோர். வேலை செய்கிறவரின் பயனாளிப் பட்டியலில் அப்பா அம்மாவுக்கு இடமில்லை. நம் நாட்டு அலுவலக இன்சூரன்ஸ் போல் அவர்களையும் சேர்த்துவிடலாம் என்று எண்ணி அழைத்துப்போகிறவர்கள் அங்கே திகைத்து நிற்கிறார்கள். குடும்ப இணைவு வழியாகக் கொண்டுவர, அழைப்பவருக்கு நீண்டகால வதிவுரிமை வேண்டும், பெற்றோருக்குப் பொதுவாக 65 வயது தாண்டியிருக்க வேண்டும், மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். அந்த வயதில், சுகரும் பிரஷரும் உள்ளவரைப் புதிதாகச் சேர்க்கத் தனியார் நிறுவனங்கள் தயங்கும். விசாக் கட்டணம் கட்டும் முன்பே பாலிசி கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள்.

ஓராண்டு தொடர்ந்து ஸ்பெயினில் வசித்து, பத்ரோனில் பெயரும் இருந்து, வேறு அரசு மருத்துவ உரிமை இல்லாதவர்களுக்கு ‘கொன்வேனியோ எஸ்பெசியால்’ என்ற வழி உண்டு. பிரதேசச் சுகாதாரத் துறையோடு ஒப்பந்தம் செய்து மாதம் 60 யூரோ கட்டினால் அரசு மருத்துவம் கிடைக்கும், 65 வயதானவர்களுக்கு 157 யூரோ. 2013ஆம் ஆண்டின் அரச ஆணை வைத்த தொகை இது. ஆளுக்குத் தனித்தனியாகக் கட்ட வேண்டும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் மறுப்பு கிடையாது. குறை ஒன்றுதான்: மருந்துக்குத் தள்ளுபடி இல்லை, கடையில் முழு விலை. இன்சுலின் போடுகிற அம்மாவுக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்பதை 157ஓடு கூட்டிப் பாருங்கள். அந்த முதல் ஓராண்டைத் தனியார் பாலிசியில்தான் ஓட்ட வேண்டும், பத்ரோனில் அவர்களை வந்த வாரமே பதிந்துவைத்தால் ஓராண்டு வசித்ததைப் பிறகு நிரூபிக்க வசதியாக இருக்கும்.

மூன்று மாதம் பேரப்பிள்ளையைப் பார்க்க மட்டும் வருகிறார்கள் என்றால் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு போதும். அது திடீர் நோய்க்கும் விபத்துக்கும்தான். வழக்கமான செக்கப்பைப் புறப்படும் முன்பே ஊரில் முடித்துவிட்டு, மாத்திரைகளையும் கட்டி எடுத்து வரச் சொல்லுங்கள்.