அரெனால் குறிப்புகள்

பிப்ரவரி 6, வேளச்சேரி

நாளை ராத்திரி கிளம்புகிறோம், அவரும் நானும். மத்திய அமெரிக்காவில் இருக்கும் கோஸ்டா ரிகாவில் அரெனால் எரிமலை அடிவாரம், லா ஃபோர்டுனா ஊருக்கு வெளியே ஒரு விடுதி. டிவி கிடையாது, ஏசி கிடையாது, பலகை அறைகள். "அத்தனை பணம் கொட்டி ஏண்டி தகரக் கொட்டகையில தங்கணும்?" என்றாள் அம்மா. காட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு கொசுவலை மட்டும் இருக்கட்டும் என்றுதான் அந்த இடத்தைப் பிடித்தேன்.

பிப்ரவரி 9, விடுதி

விடியுமுன்னே ஓர் உறுமல். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஹவ்லர் குரங்காம். தொண்டையில் குடம்போல உப்பிய எலும்பு; சத்தம் அதில் பெருகி மைல் கணக்கில் போகிறது. ஆளோ நம் தெருநாயை விடச் சிறிசு.

காலைச் சாப்பாடே சாதமும் கறுப்பு பீன்ஸும் கலந்து வதக்கியதுதான், கயோ பிந்தோ. அம்மாவிடம் போனில் சொன்னேன். அங்கே ராத்திரி ஏழு மணி.

பிப்ரவரி 10

வெந்நீர் ஊற்று. மழைத்தண்ணீர் பாறையிடுக்கில் இறங்கி, எரிமலைச் சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. தொட்டியெல்லாம் கட்டவில்லை, கல் அடுக்கி ஓடையையே மடக்கியிருக்கிறார்கள். மேல் குட்டையில் கால் வைக்க முடியவில்லை, கீழே வரவர பதமாகிறது. கழுத்தளவு உட்கார்ந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. உச்சந்தலையில் ஜில்லென்று தூறல், உடம்பெல்லாம் வெந்நீர், பிடித்த கல்லில் வழுவழுவென்று பாசி.

1968 ஜூலை 29 அன்று இதே மலை வெடித்து தபாகோன், புவெப்லோ நுவேவோ என்ற ஊர்களை அழித்தது. எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2010 வரை குமுறிக்கொண்டே இருந்திருக்கிறது. இந்தச் சுகத்தைத் தருவதும் அதே நெருப்புதான் என்பது மனசை விட்டுப் போகவில்லை.

பிப்ரவரி 11

இருட்டில் வழிகாட்டியோடு நடந்தோம். இலையின்மேல் கட்டைவிரல் அளவு பச்சைத் தவளை, ரத்தச் சிவப்புக் கண், ஆரஞ்சு நிறப் பாதம். குட்டைக்கு மேலே தொங்கும் இலையில் முட்டையிடுமாம். குஞ்சு பொரிந்ததும் நேராகத் தண்ணீரில் விழும். ஃபிளாஷ் கூடாது, தொடக் கூடாது.

மத்தியானம் சாப்பாட்டு மேசைப் பக்கம் நீண்ட மூக்கோடு ஒரு கோவாட்டி வந்தது, ரக்கூன் ஜாதி விலங்கு. ஒருவர் வாழைப்பழத்தை நீட்டினார். பரிமாறும் பெண் ஓடிவந்து தட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொடுத்துப் பழக்கினால் அது காட்டில் தேடுவதை விட்டுவிடும் என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

பிப்ரவரி 17, வேளச்சேரி

கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர் சொச்சம். இந்த நெரிசலுக்கு நடுவில் புள்ளிமானும் வெளிமானும் பிழைத்துக் கிடக்கின்றன. இன்று அந்தப் பக்கம் ஒரு பையன் சுவரோரக் குரங்குக்கு சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினான். "வேண்டாம் கண்ணா, அதுக்கு வயிறு கெட்டுப்போகும். நின்னு பாரு, போதும்" என்றேன். அவன் அப்பா பாக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். குரங்கு கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மேலே ஏறி ஆலம்பழம் பறிக்க ஆரம்பித்தது. பையன் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறான்.