மாமனார் பிரதமர், மருமகன் எம்.பி.

எம்.பி.ன்னா சபைல கத்துறது, வெளிநடப்பு பண்றது, பெஞ்சைத் தட்டுறதுன்னே நமக்குப் பழகிடுச்சு. ஆனா 1957 டிசம்பர்ல ரேபரேலி எம்.பி. ஃபெரோஸ் காந்தி பேசினதை தேடிப் படிங்க. ஆளும் கட்சிக்காரர், அதுவும் நேருவோட மருமகன் (எந்த வீட்ல நடக்கும் இது!), எழுந்து நின்னு எல்ஐசி பணம் 1 கோடிக்கு மேல முந்த்ராங்கிற வியாபாரியோட நொடிஞ்ச கம்பெனிங்க ஷேர்ல எப்படி போச்சுன்னு விவரத்தோட பிரிச்சு மேஞ்சுட்டார். நீதிபதி சாக்ளா தலைமைல விசாரணை கமிஷன் வந்துச்சு, பப்ளிக்கா விசாரிச்சாங்க, 1958 பிப்ரவரில நம்ம ஊர் டி.டி.கே (டி.டி.கிருஷ்ணமாச்சாரி) நிதியமைச்சர் பதவியை ராஜினாமா பண்ணிட்டார்.

அதுக்கு முன்னாடியே 1956ல, சபைல நடக்குறதை உள்ளபடி எழுதுனா பத்திரிகை மேல கேஸ் போட முடியாதபடி ஒரு சட்டம் வந்துச்சு, அதுவும் ஃபெரோஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் (அமைச்சரா இல்லாத எம்.பி. கொண்டுவர்ற மசோதா). 1970க்கு அப்புறம் அப்படி ஒரு தனிநபர் மசோதா கூட சட்டமாகல. இப்போ எம்.பி.ங்க ரிப்போர்ட் கார்டுன்னு எத்தனை கேள்வி, எவ்ளோ அட்டெண்டன்ஸ்னு எண்ணிப் போடுறாங்க, அந்தக் கணக்குல ஃபெரோஸோட அந்தப் பேச்சும் வெறும் 1தான்.