நான் ஏறாத குதிரை

போன தை மாதம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு குதிரைச் சவாரி ஏற்பாடு செய்தோம். பதினோரு குதிரை, பதினெட்டு கிலோமீட்டர், தென்னந்தோப்புகளுக்கு நடுவே பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் கரையோரமாக. கைவிடப்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு சின்னக் காப்பகத்துக்குப் பணம் சேர்க்கத்தான் எல்லாம். மூன்று மாதம் நாய் மாதிரி அலைந்தேன், ஆனால் சவாரி அன்றைக்கு நான் குதிரை மேல் ஏறவில்லை. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

காரணம் ஒரு கணக்கு. முதல் கூட்டத்திலேயே எங்கள் கால்நடை டாக்டர் அதைச் சொல்லிவிட்டார். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதன் முதுகில் ஏற்றக்கூடாது, ஆள் எடையும் சேணத்தின் எடையும் சேர்த்து. 2008இல் அமெரிக்காவில் எட்டுக் குதிரைகளை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், 20 சதவீதத்தைத் தாண்டி 25, 30 என்று ஏற்ற ஏற்ற இதயத்துடிப்பும் தசைவலியும் கூடியிருக்கிறது. சரி, அதுக்கென்ன, நம்ம குதிரைக்கெல்லாம் பலம் இருக்கு என்றுதான் நானும் நினைத்தேன். டாக்டர் பையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்தார்.

குதிரையை எடைமேடையில் ஏற்ற முடியாத இடத்தில் இப்படித்தான் கணக்குப் போடுவார்களாம். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்து, அந்த எண்ணை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். நான் ஏறுவதாக இருந்த குதிரை காதுகள் உள்பக்கம் வளைந்து நுனி ஒட்டிக்கொள்கிற கத்தியவாரி இனம், சுற்றளவு 158 செ.மீ., நீளம் 152. போனில் தட்டிப் பார்த்தேன், 319 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு 64. சேணம் மட்டும் ஒன்பது கிலோ. ஆக, 55 கிலோவுக்கு மேல் உள்ளவர் ஏறக்கூடாது. நான் 78.

யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அங்கே இருந்த ஆம்பளைகளில் முக்கால்வாசிப் பேர் அதே கதை.

இரண்டு நாள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ரகளை. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை தொண்ணூறு கிலோ இருக்கிறார், எந்தக் குதிரை செத்துப்போச்சு என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் ஊர்வலம் அரை மணி நேரம், நம்முடையது மூன்று மணி நேரம். பெரிய தலைவலி வேறொன்று. திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு அண்ணன் ஐம்பதாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தார், குதிரை மேல் உட்கார்ந்து ஒரு போட்டோ, அவ்வளவுதான் அவர் ஆசை. அவர் 94 கிலோ. நான்தான் போன் பண்ண வேண்டியதாயிற்று. சுற்றி வளைத்து ஐந்து நிமிடம் பேசினேன், கடைசியில் அவரே, "நான் குண்டா இருக்கேன்னு சொல்றீங்களா தம்பி?" என்றார். குதிரை சின்னதா இருக்குதுங்கண்ணா என்றேன். சிரித்தார், ஆனால் ஐம்பது இருபதாகிவிட்டது. முப்பதாயிரத்துக்குக் காப்பகத்தில் எத்தனை கட்டு வைக்கோல் வரும் என்று அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். டாக்டரிடம் புலம்பியபோது அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார், குதிரைக்காகப் பணம் சேர்க்கிறோம் என்று சொல்லிக் குதிரை முதுகை ஒடித்தால் நான் வரமாட்டேன்.

கடைசியில் ஏறியவர்கள் எல்லாம் ஒல்லியான கல்லூரிப் பெண்கள், பதினொன்றாவது படிக்கிற இரண்டு பிள்ளைகள், ஒரு அஞ்சலட்டை மாதிரி இருக்கிற வங்கி மேனேஜர். எடை கூடியவர்கள் கடிவாளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கலாம் என்று வைத்தோம். நடக்கவும் ஒன்பது பேர் பணம் கட்டினார்கள், அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை, இது மாதிரி செய்ய நினைக்கிறவர்களுக்கு. ஒரு ரூபாய்கூட உங்கள் ஜிபேவில் வாங்காதீர்கள். காப்பகத்தின் கணக்கு எண்ணையே நோட்டீஸில் போடுங்கள், ரசீது அவர்கள் கொடுக்கட்டும். நன்கொடைக்கு வரிச்சலுகை தருகிற 80ஜி பதிவு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடையாது. இதைத் தெரியாமல் ஒருவரிடம் ஐயாயிரத்தை நோட்டாக வாங்கி, அப்புறம் திருப்பிக் கொடுத்து, அவர் மறுபடி அனுப்பவே இல்லை.

அனுமதிக்கு அலைந்ததை எழுதினால் அதுவே தனிப் பதிவாகிவிடும். ஒரு அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பார்த்ததுமே ரேக்ளாவா என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் குதிரை கூட்டமாக வந்தால் ரேக்ளாதான், வேறு எதையும் ஜனங்கள் யோசிக்க மாட்டார்கள். பந்தயம் இல்லைங்க, சும்மா நடந்து போறதுதான் என்றால் நம்பவில்லை. சவாரி அன்றும் ஊர் ஊராக இதே கேள்வி, முதல் பரிசு எவ்வளவு தம்பி? பரிசே இல்லை என்றதும் ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

காலை ஐந்து மணிக்கு, காற்று சில்லென்று அடித்துக்கொண்டிருக்க, லாடக்காரர் தன் வேலையை ஆரம்பித்தார். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குத் தவறாமல் போகிறவர். ஒவ்வொரு காலாகத் தூக்கித் தன் தொடைகளுக்கு நடுவே வைத்து, சின்னச் சுத்தியலால் லாடத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். ஏழாவது குதிரையின் பின்னங்காலில் தட்டியதும் நிறுத்தி, டார்ச் அடிக்கச் சொன்னார். குளம்புக்கும் லாடத்துக்கும் இடையில் கொட்டாங்குச்சிச் சில்லு ஒன்று, கட்டை விரல் நகம் அளவுக்கு. கொக்கியால் அதை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதோட பதினெட்டு கிலோமீட்டர் போயிருந்தா நாளைக்குக் கால ஊனாதுங்க." அந்தச் சில்லு இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

இன்னொரு குதிரை முள் கடிவாளத்தோடு வந்தது. வாய்க்குள் போகிற இரும்பில் முள் முள்ளாக வைத்திருப்பார்கள், இழுத்தால் ரத்தம் வரும். 1965லேயே விதி போட்டுத் தடை செய்த சாமான் இது. நண்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் குதிரையை வேலை வாங்கக் கூடாது என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. தெரிந்தவர் யார்? இது இல்லாட்டி நிக்காதுங்க என்றார் குதிரைக்காரர். கையில் இருந்த மழுங்கல் கடிவாளத்தை மாட்டினோம். முதல் இரண்டு கிலோமீட்டர் அந்தக் குதிரை சொன்ன பேச்சுக் கேட்கவில்லை, ஏறியிருந்த மேனேஜர் சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். அப்புறம் மற்றவை நடக்கிற வேகத்துக்கு அதுவும் வந்துவிட்டது.

ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு தோப்பில் நிறுத்திப் பரிசோதனை. சும்மா நிற்கிற குதிரைக்கு நிமிடத்துக்கு 28இலிருந்து 44 வரை துடிப்பு இருக்கும். நீண்டதூரப் போட்டிகளில் 64க்குள் இறங்கினால்தான் மேலே விடுவார்கள், நாங்களும் அதையே வைத்துக்கொண்டு, இருபது நிமிடம் நேரம் கொடுத்தோம். பத்தும் இறங்கிவிட்டன. வெள்ளைக் குதிரை ஒன்று மட்டும் 72இலேயே நின்றது. தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது, தண்ணீர் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். சேணத்தை இறக்கச் சொல்லிவிட்டார். அதில் வந்த பிள்ளை பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்றிப் பதினோராயிரம் சேர்த்தவள், உதட்டைக் கடித்துக்கொண்டு குதிரையின் கழுத்தில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். நான் பதற்றத்தில் குட்டி யானை வண்டிக்குப் போன் போட்டேன். டாக்டர் போனைப் பிடுங்கி, குட்டி யானையிலா குதிரையை ஏற்றுவாய் என்று திட்டி, 407 லாரியை வரச் சொன்னார். வண்டி வர ஒன்றரை மணி நேரம். அந்த நேரம் முழுக்க நானும் அந்தப் பிள்ளையும் நிழலில் உட்கார்ந்து குதிரை மூச்சை எண்ணிக்கொண்டிருந்தோம், நடுவில் தோட்டக்காரர் அம்மா எங்களுக்கு மோர் கொடுத்தார், குதிரைக்கு ஒரு வாளித் தண்ணீர்.

காப்பகத்துக்குப் போனது செலவு போக ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம். லாடம், ரணஜன்னித் தடுப்பூசி, மூன்று மாதத்துக்குக் கொள்ளும் தவிடும். நினைத்ததை விடக் குறைவுதான்.

முடிந்து எல்லாம் ஏற்றும்போது அந்தக் குதிரைக்காரர் வந்து முள் கடிவாளத்தைக் கேட்டார். மழுங்கலையே வெச்சுக்கங்கண்ணா, காசு வேண்டாம் என்றேன். அதையும் வாங்கிக்கொண்டார். "இதையும் குடுங்க, இரும்பு விலை இருக்குதில்ல." இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போனார்.