கால் பங்கு ஆசிரியர், கால் பங்கு தோழர்

சென்ற மாதம் ஏற்காட்டில் இரண்டு நாள் நடந்த எழுத்துப் பயிற்சி முகாமை முடித்துக்கொண்டு பேருந்தில் இறங்கியபோது, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் கடந்து அடிவாரம் வந்து சேரும்வரை என் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. முகாமுக்கு வந்திருந்த நாற்பது பேருக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படங்களும் பூங்கொத்துகளும் "அருமை", "மறக்க முடியாத அனுபவம்" என்ற சொற்களும் குவிந்திருந்தன. மறுநாள் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்பதால், வழக்கம்போல் மாலையில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடும் எங்கள் வாசிப்புக் கூட்டத்துக்குச் சென்றேன். அன்று வந்திருந்தவர்கள் ஏழு பேர். என் கதையைப் படித்துவிட்டு வந்திருந்த ஒருவர், கைதட்டல் ஏதுமின்றி, தாளைப் புரட்டியபடி, "இந்த மூணாவது பக்கம் எதுக்குங்க?" என்று கேட்டார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

ஒருநாள் இடைவெளியில் வாய்த்த இந்த இரண்டு அனுபவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் ஆசையில்தான் இதை எழுதுகிறேன். எழுத்தைப் பற்றி அறிவுரை சொல்லும் இடங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக அலைந்து வருகிறேன். பயிலரங்குகளுக்குப் போயிருக்கிறேன், எழுதுவது எப்படி என்று சொல்லும் நூல்களை வாங்கிக் குவித்திருக்கிறேன், திருப்பி அனுப்பப்பட்ட கதைகளோடு வந்த ஆசிரியர் குழுவின் ஒற்றை வரிக் குறிப்புகளைக்கூடப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். பழைய இலக்கண நூலான நன்னூலின் முன்னுரையாக வரும் பொதுப்பாயிரம் மாணாக்கரை வகைப்படுத்தும்போது அன்னத்தையும் பசுவையும் முதல் வரிசையிலும், மண்ணையும் கிளியையும் இடையிலும், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியவற்றைக் கடைசியிலும் வைக்கிறது. ஓரிடத்தில் தழை நிறைந்திருந்தாலும் அங்கேயே நின்று வயிறு நிரம்ப மேயாமல் செடிக்குச் செடி தாவித் தாவிக் கடிப்பது ஆட்டின் இயல்பு என்று உரைகள் விளக்குகின்றன. சேர்வராயன் மலைச் சரிவில் ஆடு மேய்வதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. என்னை நான் இந்த ஆட்டின் இடத்தில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

ஏற்காட்டு முகாமுக்கு வருகிறேன். கட்டணம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். சாப்பாடும் தங்கும் இடமும் அதற்குள் அடக்கம். நடத்தியவர் இனிமையாகப் பேசுபவர், யாரையும் புண்படுத்தாதவர். முதல் நாள் காலை ஏரிக்கரையில் இருபது நிமிடம் நின்று, ஐம்புலன்களுக்கும் எட்டுவதை எழுதச் சொன்னார். மாலையில் ஒவ்வொருவரும் எழுந்து படித்தோம். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலே நாற்பது பேருக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆகவே படித்தவருக்குக் கைதட்டலுக்கு மேல் எதுவும் கிடைக்க வழியில்லை. பத்துப் பதினைந்து பேர் பனியைப் பற்றியே எழுதியிருந்தார்கள். அனைவருக்கும் ஒரே அளவு கைதட்டல் கிடைத்தது. கூட்டம் உற்சாகமாக இருந்தது என்பதில் ஐயமில்லை. யாருடைய பத்தியிலும் ஒரு சொல்கூட அதனால் மாறவில்லை என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

இரண்டாம் நாள் விதிகள் வந்தன. வாக்கியம் சிறிதாக இருக்க வேண்டும். வினையடைகளை வெட்ட வேண்டும். செயப்பாட்டு வினையைத் தவிர்க்க வேண்டும். சொல்லாமல் காட்ட வேண்டும். திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிய இவற்றை எல்லோரும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டோம். இவை ஆங்கிலத்தில் எழுதுவோருக்காக ஆங்கிலம் எழுதுவோர் வகுத்தவை. எல்மோர் லெனார்டு என்ற அமெரிக்க நாவலாசிரியர் 2001-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் பத்து விதிகளைத் தந்தார். உரையாடலை எழுதும்போது 'என்றான்' என்ற பொருள்தரும் எளிய வினை ஒன்றே போதும், அதற்கு வினையடையும் சேர்க்க வேண்டாம் என்பன அவற்றுள் இரண்டு. அவர் மொழியில் அது நல்ல மருந்து. நம் மொழியில் எந்த நோய்க்கு அது பொருந்தும் என்று முகாமில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நானே சோதித்துப் பார்த்தேன். "எழுந்து முகம் கழுவி, பால் வாங்கி வந்து அடுப்பில் வைத்துவிட்டு, கோலம் போட வாசலுக்கு வந்தவள், எதிர்வீட்டுத் திண்ணையில் தன் அண்ணன் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்" என்பது என் கதையில் வரும் ஒரு வாக்கியம். முகாமின் விதிப்படி அதை உடைத்தால் "எழுந்தாள். முகம் கழுவினாள். பால் வாங்கினாள்" என்று காவல் நிலைய வாக்குமூலம்போல் ஆகிவிடுகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவது. வினையெச்சங்கள் ஒன்றையொன்று கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போக, படிப்பவர் முடிவை எதிர்பார்த்தபடியே கூட வருகிறார். அண்ணன் அங்கே உட்கார்ந்திருக்கும் அதிர்ச்சி அந்த நீளத்தால்தான் வாசகருக்கு வந்து சேர்கிறது. வினையடையும் அப்படித்தான். "மூட்டைகள் மளமளவென்று சரிந்தன" என்பதிலிருந்து மளமளவை எடுத்துவிட்டால் மூட்டைகள் ஓசையில்லாமல் படுத்துக்கொள்கின்றன. ஆனால் செயப்பாட்டு வினையைத் தவிர்க்கச் சொன்னது ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நன்றாகவே பொருந்தும். "கடிதம் அவனால் எழுதப்பட்டது" என்று நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆக, நான்கு விதிகளில் ஒன்று முழுதாகவும், 'காட்டுக' என்பது இடத்துக்கு ஏற்பவும் தேறின. மற்ற இரண்டையும் மலையிலேயே விட்டுவிட்டேன்.

முகாமை முழுவதும் குறை சொல்வது நன்றியின்மை ஆகும். எழுதிய கதையின் முதல் இரண்டு பத்திகளை மறைத்துவிட்டு மூன்றாவதிலிருந்து படித்துப் பார்க்குமாறு நடத்தியவர் போகிறபோக்கில் சொன்னார். இதுவரை ஐந்து கதைகளில் அப்படிச் செய்து பார்த்தேன், மூன்றில் அந்தப் பத்திகள் திரும்பி வரவேயில்லை. நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி இப்போது எனக்குக் கதைகளை அனுப்புகிறார். கட்டணத்துக்கு இவ்விரண்டும் ஈடுதான்.

நன்னூலையும் இந்த ஒப்பீட்டில் சேர்ப்பதைச் சிலர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய இலக்கண நூலுக்கும் இன்றைய சிறுகதைக்கும் என்ன தொடர்பு என்றுதான் நானும் இருந்தேன். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வரத் தொடங்கிய பிறகுதான், அதன் பாயிரத்தில் ஒரு நூலுக்குரிய பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் வரிசையாக இருப்பதைக் கவனித்தேன். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று அந்தக் குற்றங்கள் போகின்றன. லெனார்டும் பத்து, பவணந்தியும் பத்து. வாசகர்கள் தாண்டிப் போகும் பகுதியை எழுதாமல் விடச் சொல்லும் லெனார்டின் பத்தாவது விதி, மிகைபடக் கூறலின் அடுத்த வீட்டுக்காரர்தான். ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. லெனார்டு தம் சொந்தப் பழக்கங்களையே விதிகளாக்கினார். நன்னூல் எதையும் எழுத வேண்டாம் என்று தடுக்கவில்லை, எழுதி முடித்ததில் தென்படும் நோய்களுக்குப் பெயர் வைக்கிறது. பெயர் தெரிந்திருந்தால் கூட்டத்தில் பேசுவது எளிதாகிறது. "ஏதோ இழுக்குதுங்க" என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இப்போது "சென்று தேய்ந்து இறுதல்" என்கிறார்கள்; கேட்பவருக்கும் கோபம் வருவதில்லை, ஏனெனில் அந்தக் குற்றச்சாட்டு எழுநூறு ஆண்டுப் பழமையானது.

செவ்வாய்ப்பேட்டைக் கூட்டம் தொடங்கிய காலத்தில், எழுதியவரே தம் கதையைப் படித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் எழுந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். கதை இரண்டு பக்கம் என்றால் விளக்கம் எட்டுப் பக்கம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையில், கதையின் நகல்களை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பேச்சு நடக்கும்போது எழுதியவர் வாய்மூடி இருக்கும் வழக்கம் உண்டு என்று எங்களுள் ஒரு கல்லூரி விரிவுரையாளர் சொன்னார். அந்த வழக்கத்தை எங்கள் வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டோம்: ஒரு வாரம் முன்பே நகல் கொடுத்துவிட வேண்டும், தட்டுவடை செட் வரும்வரை எழுதியவர் பேசக் கூடாது. தெருமுனையில் தட்டுவடையின் மேல் பீட்ரூட், கேரட் துருவலும் வெங்காயமும் இரண்டு வகைச் சட்னியும் வைத்து மற்றொரு தட்டுவடையால் மூடிக் கொடுப்பார்கள். அதை வாயில் வைத்த பிறகு எழுதியவராலும் அதிகம் பேச முடிவதில்லை. இந்த விதி வந்த பிறகுதான் எங்கள் கூட்டம் உருப்பட்டது என்பது என் கருத்து.

கூட்டம் எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன். இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி, கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் தந்தையைப் பற்றி எழுதியிருந்தான். பற்றவைத்து முடித்த கொலுசை அந்தத் தந்தை மகளிடம் நீட்டும்போது அது நிலவாக மின்னுகிறது. விரிவுரையாளர் உவமையைப் பாராட்டினார், நானும் தலையசைத்தேன். பதினெட்டு ஆண்டுகள் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்த அக்கா ஒருவர் எங்களுள் இருக்கிறார். அதிகம் எழுதாதவர், எல்லாவற்றையும் படிப்பவர். அவர், "பத்த வெச்ச உடனே கொலுசு மின்னாதுங்க தம்பி. கருத்துக் கெடக்கும். ஆசிட்டுல போட்டு எடுத்தா சுண்ணாம்பு அடிச்ச செவுராட்டம் வெள்ளையா இருக்கும். மெருகு போட்டாத்தான் மினுமினுப்பு வரும்" என்றார். அடுத்த மாதம் அந்தத் தம்பி கொண்டுவந்த திருத்திய கதையில், தந்தை கறுத்த கொலுசைத்தான் நீட்டுகிறார். மகள் அதை வாங்கத் தயங்குகிறாள். முழுக்கதையும் அந்தத் தயக்கத்தில் வந்து நின்றுவிட்டது. பத்து அழகுகளுள் 'உலகம் மலையாமை' என்று ஒன்று உண்டு. உலக வழக்கோடு முரண்படாமை என்பது பொருள். உரையாசிரியர்கள் உலகம் என்பதற்கு உயர்ந்தோர் என்று பொருள் சொல்வார்கள். அன்று எங்கள் மாடியில் இருந்த உயர்ந்தோர் அந்த அக்காதான்.

இவ்வளவும் சொன்னதால் சிறு கூட்டம் என்றாலே சிறப்பு என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். ஏழு பேர் ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் படித்தால் ஏழு பேரும் ஒரே மாதிரி எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். எங்கள் கதைகளில் இரண்டாண்டுகள் தொடர்ந்து மழையிலேயே முடிவு வந்தது. கடுமையாக ஒரு சொல் விழுந்ததால் ஒரு நண்பர் வருவதையே நிறுத்திவிட்டார். அந்தச் சொல்லைச் சொன்னவன் நான். மழைக்காலத்தில் மூன்று பேர் மட்டும் வந்து, படிக்க ஒன்றும் இல்லாமல், ஊர்க்கதை பேசிவிட்டுக் கலைந்த மாலைகளும் உண்டு. ஒருவர் எழுத்தை மற்றவர் பார்த்துத் திருத்துவது இந்த ஊருக்குப் புதிதன்று. கருணாநிதியும் கண்ணதாசனும் வேலை பார்த்த மாடர்ன் தியேட்டர்ஸ் கதை இலாகா ஏற்காடு சாலையில்தான் இருந்தது. அங்கே சம்பளம் கொடுத்தார்கள். அதனால் ஆட்கள் தவறாமல் வந்திருப்பார்கள் என்று நாங்கள் அவ்வப்போது நகைத்துக்கொள்வோம்.

நன்னூலிலேயே மற்றொரு கணக்கும் உண்டு. தமிழாசிரியர் ஐயா அதை எனக்குக் காட்டியபோது சற்று அதிர்ந்துதான் போனேன். ஆசான் சொன்னதை ஒன்று விடாமல் உள்வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது காற்கூறுதான். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் வரும். பிறருக்குச் செவ்வையாக எடுத்துச் சொல்லும்போதுதான் எஞ்சிய அரையும் வந்து சேரும். ஏற்காட்டில் நான் கட்டணம் கட்டிப் பெற்றது, எல்லாம் சரியாக நடந்திருந்தாலும், முதல் கால். செவ்வாய்ப்பேட்டையில் கிடைப்பது இரண்டாவது கால். எஞ்சிய அரைக்கு நான் இதுவரை விலை கேட்டதுகூட இல்லை.

நாகலூர் அம்மையாரின் கதை சென்ற வாரம் வந்தது. ஆறு பக்கங்கள், காப்பிப் பழம் பறிக்கும் பெண்களின் கூலித் தகராறு. நான்காம் பக்கத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா ஒன்றரைப் பக்கத்துக்கு விரிகிறது; அழகான எழுத்து, ஆனால் தகராறு அங்கே காத்துக்கொண்டு நிற்கிறது. அவருக்குத் தொலைபேசியில் அதைப் பக்குவமாகச் சொல்ல அரை மணி நேரம் பிடித்தது. திருவிழாவை எங்கே சுருக்கலாம், தகராற்றில் சண்டையிடும் இரண்டு பெண்களும் அந்தத் தேரின் பின்னால்தான் நிற்க முடியாதா என்றெல்லாம் பேசினேன். "சரிங்க சார், செஞ்சு பாக்கறேன்" என்றார். தொலைபேசியை வைத்தவுடன், செவ்வாய்ப்பேட்டையில் கேள்விக்கு உள்ளான என் மூன்றாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். கதை ஒரு சொத்துப் பிரிவினையைப் பற்றியது. அந்தப் பக்கம் முழுவதும் கொண்டை ஊசி வளைவுகளையும் பனியையும் குரங்குகளையும் வருணித்திருந்தேன். மற்றொன்று விரித்தல். ஓரத்தில் அப்படியே எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டேன். நகலெடுத்துக் கொடுக்க வேண்டும்; அடுத்த இரண்டாம் ஞாயிறுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.