சுடுகாட்டுப் பாதைக்குக் காசு

மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான். டெல்லியிலேயே முடிவாகி வந்தது. மீதி 40-ஐ ஊர் தன் தேவைக்குச் செலவழிக்கலாம், சம்பளம், நிர்வாகச் செலவு தவிர.

தண்ணீருக்கு முதலிடம் கொடுத்ததில் எனக்குக் குறையில்லை. அவிநாசி, அன்னூர்ப் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் வெறும் புழுதி கிளம்பியதைப் பார்த்த ஆளுங்க நாம்.

ஆனால் காந்தி ஜெயந்தி கிராம சபையில் ஒரு ஆத்தா எழுந்து, "ஏனுங்க, சுடுகாட்டுப் பாதைக்கு எப்பங்க மெட்டல் போடுவீங்க? மழை பேஞ்சா பாடையத் தூக்கிட்டுப் போக முடியறதில்லீங்க" என்றார். செயலர், "தண்ணிக் காசுல கை வைக்க முடியாதுங்காத்தா" என்றார். அதுவும் சரிதான். அப்ப அந்த 40? அதைக் கேட்க ஆள் இல்லை. பாதிப் பேர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பியாச்சு!

ஊர் கேட்பது தீர்மானமாகி, ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏறினால்தான் அந்தக் காசுக்கு வழி. அடுத்த சபை நவம்பர் 1. தீர்மானத்தை வாசிக்கும்வரை உட்காருங்க சாமி.